ஏணியை யார் தூக்குவது?

கேள்வி:

பள்ளியில் படித்த காலத்திலிருந்தே ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ என்ற இடைக்காலப் போர் உத்திக் கணினி விளையாட்டை விளையாடி வருகிறேன். அதன் அடுத்த பாகம் வரப்போகிறது என்ற அறிவிப்பைப் பார்த்த நாள் முதல், அதில் என்னென்ன புதிய அம்சங்கள் இருக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 63 சேர்ந்துவிட்டன. சில பக்கங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். கோட்டை, நகரம் என்ற பழைய பிரிவு திரும்புமா? முற்றுகைப் போர் மேம்படுமா? அரச வம்சத்தைக் காட்டும் குடும்ப மரமும் போப்பும் எப்படி இருக்கும்? கடற்போர் உண்டா? சோழர்களுக்கு இடம் கிடைக்குமா? சேர்த்து வைத்த பணத்தில் இப்போதே புதிய கணினி வாங்கிவிடலாமா? இப்படி ஊகித்துக்கொண்டிருப்பது நேர விரயம் என்கிறார் என் அண்ணன். உங்களைப் போன்ற வடிவமைப்பாளர்கள் எப்படி ஊகிப்பீர்கள்?

— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் அண்ணன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஊகிப்பது நேர விரயம் இல்லை. உத்தி விளையாட்டுகளுக்கு விதிகளும் கணக்குகளும் வகுக்கும் வேலையில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். நாங்கள் செய்த ஒவ்வொரு விளையாட்டும் உங்களுடையதைப் போன்ற ஒரு நோட்டிலிருந்துதான் பிறந்தது. ஆனால் நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லா வரிகளுமே விளையாடுபவர் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை. எதிரில் ஆடும் கணினி அதே அம்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்டிருப்பது இரண்டே இடங்களில்தான். ஓர் அம்சம் வருமா, வந்தால் எந்த உருவத்தில் வரும், வந்தபின் நிலைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் கேள்வியே. உங்களைப் போலவே நானும் இந்த விளையாட்டுக்காகக் காத்திருப்பவன். ஆகையால் என் சொந்த ஆசைகளையும் அதே கேள்வியில் உரசிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உறுதியாகத் தெரிந்ததைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். 2025 டிசம்பரில், டோட்டல் வார் தொடரின் 25ஆம் ஆண்டையொட்டி, கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் ‘மெடீவல் 3’ஐ அறிவித்தது. வேலை இன்னும் முன்தயாரிப்பின் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்பதையும், தொடருக்கு ‘வார்கோர்’ என்ற புதிய இன்ஜின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள், வருகிறது என்பதையும் அப்போதே சொன்னது. முன்தயாரிப்பு என்றால் ஒரு சிறிய குழு காகிதத்திலும், நிறமற்ற பெட்டிகளை வைத்துச் செய்த மாதிரிகளிலும் விதிகளைப் போட்டுப் பார்த்து, பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டிருக்கும் காலம். அந்தக் கட்டத்தில் இந்த அம்சம் நிச்சயம் உண்டு என்று செய்பவர்களாலேயே பல விஷயங்களில் சொல்ல முடியாது. எனவே அறிவிப்புப் படத்தில் தெரிந்த கொடியையும் கேடயத்தையும் பெரிதாக்கிப் பார்த்துத் துப்புத் தேடுவதால் பெரிய பயன் இல்லை. தொடரின் 25 ஆண்டு வரலாற்றில் எது சேர்ந்தது, எது கழிந்தது, ஏன் கழிந்தது என்று பார்ப்பதே உருப்படியான துப்பு.

என் தொழிலிலிருந்து ஒரு சிறு காட்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கைபேசிக்காக ஒரு கோட்டை முற்றுகை விளையாட்டு செய்தோம். மதில் தயார், அகழி தயார், அம்பும் தயார். ஏணி மட்டுமே பாக்கி. அட்டவணையில் இரண்டு வாரம் என்று எழுதினேன். ஏழு வாரம் ஆயிற்று. வீரன் ஏறும் அசைவை வரைவது முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. அதன்பின்தான் கேள்விகள் வரத் தொடங்கின. ஏணியை எந்தப் படைப்பிரிவு தூக்க வேண்டும்? தூக்கியவர்கள் வழியில் விழுந்துவிட்டால் யார் எடுப்பது? மதிலின் எந்த இடத்தில் சாத்துவது? ஒரு நாள் மாலை, சோதனைத் திரையில், மதில் உச்சியில் கால் வைக்க இடம் கிடைக்காத ஒரு வீரன் வழி இல்லை என்று கணக்கிட்டு இறங்கத் திரும்பினான். அவன் காலடியில் அடுத்தவன் ஏறிக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவர் விலகட்டும் என்று மற்றவர் காத்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். கீழே 38 பேர் வரிசை கலையாமல் நின்றார்கள். மேலே இருந்த வில்லாளிகள் அந்த 38 பேரையும் நின்ற இடத்திலேயே வீழ்த்தினார்கள். மனிதர் ஒருவர் ஆடியிருந்தால் இரண்டாவது நொடியிலேயே படையை வேறு பக்கம் திருப்பியிருப்பார். அந்த யோசனையைக் கணினிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

இங்கே கணினி என்று நான் சொல்வது, இப்போது எல்லோரும் பேசும் உரையாடும் செயற்கை நுண்ணறிவை அல்ல. நீங்கள் உங்கள் முறையை, அதாவது சுற்றை, முடித்த சில நொடிகளுக்குள் பல அரசுகளுக்காகவும் முடிவெடுக்க வேண்டிய, மனிதர்கள் வரி வரியாக எழுதிய விதிகளின் தொகுப்பு அது. நீங்கள் கற்பனை செய்யும் ஒவ்வொரு அம்சத்துக்கும் அந்தத் தொகுப்பில் ஒரு புதிய பக்கத்தை யாரேனும் எழுதியாக வேண்டும்.

இந்தத் தொடரில் இதற்கு மிகத் தெளிவான சாட்சி கடல். மெடீவல் 2இல் கப்பல்கள் வரைபடத்தில் மட்டுமே மோதின. வெற்றி தோல்வி கணக்கில் வந்தது. 2009இல் வெளிவந்த ‘எம்பயர்’தான் கடற்போரை முதன்முறையாக நம் கையில் கொடுத்தது. பாய்மரம் கிழிவதையும் பீரங்கிக் குண்டு பலகையைப் பிளப்பதையும் அருகில் பார்த்து நாங்கள் எல்லோரும் மகிழ்ந்துபோனோம். ஆனால் வெளியான நாளில், எதிரி அரசுகளுக்குப் படையைக் கப்பலில் ஏற்றி மறுகரையில் இறக்கத் தெரியவில்லை. பிரிட்டனை எடுத்து ஆடியவர் தன் தீவில் கவலையின்றி இருக்கலாம் என்ற நிலை. பின்னர் வந்த பேட்ச் என்னும் திருத்த மென்பொருள்தான் அதைச் சரிசெய்தது. 2013இல் ‘ரோம் 2’ வந்தபோது விதியே மாறியிருந்தது: கடலுக்குள் இறங்கும் படை தானாகவே படகுகளில் ஏறிவிடும். பலர் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. துறைமுகம் அமைத்து, கப்பல் கட்டி, படையைக் கரைக்குக் கொண்டுவந்து, ஏற்றி, காவலோடு அனுப்பி, சரியான இடத்தில் இறக்குவது என்று ஆறு முடிவுகள் பிசகாமல் வரவேண்டிய இடத்தில், அதை ஒரே முடிவாகச் சுருக்கியிருந்தார்கள். அதனால்தான் ரோம் 2இல் எதிரி கடல் கடந்து வந்தான்.

அதன்பின் 2015இன் ‘அட்டிலா’விலும் 2018இன் ‘த்ரோன்ஸ் ஆஃப் பிரிட்டானியா’விலும் கடற்போர் இருந்தது. இதே தொடரின் ‘வார்ஹேமர்’, ‘த்ரீ கிங்டம்ஸ்’, ‘ஃபேரோ’ ஆகியவற்றில் கப்பலோடு கப்பல் மோதும் போர் இல்லை. ஆகவே உங்கள் நோட்டில் கடற்போர் என்று எழுதியிருக்கும் வரிக்கு எதிரே, வாய்ப்புக் குறைவு என்று எழுதுவேன். மத்தியதரைக் கடலில் வெனிஸும் ஜெனோவாவும் மோதியதைக் காட்டாமல் ஓர் இடைக்கால விளையாட்டு முழுமை பெறாது என்பது என் எண்ணம். இருந்தாலும் ஆசையை ஊகத்தில் கலக்கக் கூடாது.

கோட்டைக்கும் நகரத்துக்கும் வருவோம். மெடீவல் 2இல் ஓர் ஊர் ஒன்று கோட்டையாக இருக்கும், அல்லது நகரமாக இருக்கும். கோட்டை நல்ல வீரர்களைத் தரும். நகரம் பணம் தரும். காசு கொடுத்து ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ளலாம். நாம் எல்லையில் கோட்டையும் உள்நாட்டில் நகரமும் வைப்போம். எல்லை எது என்பது நமக்குக் கண்ணால் தெரிகிறது. கணினிக்கோ, பத்துச் சுற்றுக்குப் பிறகு எல்லை எங்கே இருக்கும் என்று கணித்தால்தான் இன்று எதை மாற்றுவது என்று தெரியும். இது மிகக் கடினமான கணிப்பு. எனவே மாற்றிக்கொள்ளும் பழைய முறை அப்படியே திரும்பும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கோட்டை திரும்பும் என்று நம்புகிறேன். 2019இல் வந்த த்ரீ கிங்டம்ஸில், ஒரு வட்டாரத்துக்குத் தலைநகரம் ஒன்று இருக்கும். சுரங்கம், வயல், துறைமுகம் போன்றவை அதே வட்டாரத்தில் தனித்தனி இடங்களாக இருக்கும். கோட்டையும் அப்படி வரைபடத்தில் ஓர் தனியிடமாக, மலைக் கணவாயிலோ ஆற்றுத் துறையிலோ நிலையாக நின்றால், கணினி எதையும் கணிக்க வேண்டியதில்லை. இருப்பதைக் காத்தால் போதும்.

வரலாறும் அதையே சொல்கிறது. வேல்ஸை வென்ற இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் 1283இல் கான்வியில் கட்டத் தொடங்கிய கோட்டையின் காலடியிலேயே மதில் சூழ்ந்த புது ஊர் ஒன்றும் எழுந்தது. கர்னார்வனிலும் அப்படித்தான். கோட்டையா நகரமா என்று அங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று அணைத்து நின்றன.

உங்கள் நோட்டில் மிக அதிகமான வரிகள் முற்றுகையைப் பற்றியவை. நானும் அதிகம் யோசித்தது அதைப் பற்றித்தான். நம் புறத்திணை இலக்கணம் கோட்டையை வளைப்போர்க்கு உழிஞை என்றும் காப்போர்க்கு நொச்சி என்றும் தனித்தனிப் பூவைச் சூட்டியது. அது வெறும் அழகுக்காக இல்லை என்பதை இந்தத் தொழிலுக்கு வந்தபின் உணர்ந்தேன். முற்றுகை என்பது ஒரே களத்தில் நடக்கும் இரண்டு வேறு ஆட்டங்கள். கணினி இரண்டையும் ஆட வேண்டும். மெடீவல் 2இன் பெரிய கோட்டையில் மூன்று வளைய மதில்கள் உண்டு. காப்பவராக நீங்கள் இருந்து, எதிரியின் நகரும் கோபுரத்தையும் கதவிடிக்கும் உத்திரத்தையும் தீயம்பால் எரித்துவிட்டபின், அந்தப் பெரும்படை மதிலடியில் என்ன செய்வதென்று அறியாமல் அம்பு மழையில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2016இல் வந்த வார்ஹேமரில் ஒவ்வொரு காலாட்படைப் பிரிவும் ஏணியை எப்போதும் கையோடு வைத்திருந்தது. பார்க்க நம்பும்படி இல்லை, உண்மை. ஆனால் ஏணியை யார் தூக்குவது என்று நான் ஏழு வாரம் தவித்த அதே கேள்வியை அவர்கள் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள் என்பது எனக்கு உடனே புரிந்தது.

புதிய இன்ஜினில் மதில் மேல் நடக்கும் சண்டை இதைவிட நன்றாக வரலாம். ஆனால் பெரிய மாற்றம் மதில் மேல் வராது, வரைபடத்தில் வரும் என்பது என் ஊகம். இடைக்கால முற்றுகைகளைப் படித்துப் பாருங்கள். 1215இல் இங்கிலாந்து அரசன் ஜான் ராச்செஸ்டர் கோட்டையை வளைத்தபோது, கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி மரத்தூண்களால் முட்டுக்கொடுத்து, 40 கொழுத்த பன்றிகளின் கொழுப்பால் அந்தத் தூண்களை எரித்து மூலையைச் சரித்தான். அப்போதும் உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தின் மறுபாதிக்கு நகர்ந்து போரைத் தொடர்ந்தார்கள். கடைசியில் பணிய வைத்தது பசிதான். 1203 முதல் 1204 வரை பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப் ஷத்தோ கையார் கோட்டையை வளைத்தபோது, தானியத்தை மிச்சப்படுத்துவதற்காக உள்ளே தஞ்சம் புகுந்திருந்த ஊர் மக்களைக் காவல்படை வெளியே அனுப்பியது. முதலில் வந்தவர்களை முற்றுகையிட்டவர்கள் போகவிட்டார்கள். பின்னால் வந்தவர்களை விடவில்லை. மதிலுக்கும் முற்றுகை வளையத்துக்கும் நடுவே, குளிர்காலத்தில், அந்த மக்களில் பலர் பட்டினியில் மடிந்தார்கள். இதைப் படித்தபின், முற்றுகை எத்தனை சுற்றில் முடியும் என்று ஓர் எண்ணை மட்டும் காட்டும் திரை எனக்குப் போதவில்லை.

இன்னொன்று. 1313இல், இங்கிலாந்தின் பிடியில் இருந்த ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை ஸ்காட்லாந்து அரசனின் தம்பி எட்வர்ட் புரூஸ் வளைத்திருந்தபோது, கோட்டைத் தலைவரான பிலிப் மோப்ரே அவருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: அடுத்த ஆண்டு ஜூன் 24க்குள் இங்கிலாந்துப் படை மீட்க வராவிட்டால் கோட்டையை ஒப்படைத்துவிடுவது. அதைக் காக்க வந்த படைதான் 1314 ஜூனில் பானக்பர்னில் அந்த அரசன் ராபர்ட் புரூஸிடம் தோற்றது. ஒரு கோட்டை வாசலில் நடந்த பேச்சு, ஒரு பெரும் களப்போரைப் பிறப்பித்தது. நான் இதில் பார்ப்பது ஒரு வடிவமைப்பாளரின் புதையலை. ஏனென்றால் கணினிக்கு இது எளிது. ஒரு தேதி, உள்ளே இருக்கும் தானியம், வெளியே இருந்து வரக்கூடிய படையின் தூரம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். ஏணிக்கு வந்த சிக்கல்களில் ஒன்றுகூட இங்கே வராது. இப்படிப்பட்ட அம்சங்களைத்தான் வரக்கூடியவை என்ற பக்கத்தில் எழுத வேண்டும்.

குடும்ப மரம் வரும் என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. ரோம் 2 அதை வெளியீட்டில் நீக்கிப் பார்த்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2018இல் திரும்பச் சேர்த்தது. 2024இல் இலவசமாக வந்த ‘ஃபேரோ டைனஸ்டீஸ்’ வம்சத்துக்கென்றே ஓர் அமைப்பைக் கொண்டுவந்தது. எனவே வருமா என்பதைவிட, காலத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதே நல்ல கேள்வி. மெடீவல் 2, 1080இல் தொடங்கி 1530இல் முடிகிறது; 450 ஆண்டுகள், 225 சுற்றுகள், சுற்றுக்கு 2 ஆண்டுகள். ஆனால் அதில் மனிதர்களுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு வயதுதான் கூடும். 1080இல் 20 வயதான இளவரசன் 60 வயதை எட்டும்போது நாட்காட்டி 1240ஐக் காட்டும். அந்தக் காலத்தில் நாம் இதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது வம்சத்தை மையமாக வைத்தால் இந்தப் பொய் கண்ணை உறுத்தும். அட்டிலாவைப் போல ஆண்டுக்கு நான்கு சுற்று என்று வைத்தால் 450 ஆண்டுக்கு 1800 சுற்று ஆகும்; சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 150 மணிநேரம். கணினி அரசுகளும் அத்தனை சுற்றும் பிசகாமல் ஆட வேண்டும். எனவே காலப்பரப்பைச் சுருக்குவார்கள், அல்லது முதலாம் சிலுவைப் போர் காலம், நூறாண்டுப் போர் காலம் என்று வெவ்வேறு தொடக்கங்களைத் தருவார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் நோட்டில் 450 ஆண்டும் வேண்டும், ஆண்டுக்கு நான்கு சுற்றும் வேண்டும் என்று அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை நீங்களே இன்று அடித்துவிடலாம்.

போப்பைப் பொறுத்தவரை, பழைய விளையாட்டில் அவர் தயவு சிலுவைக் குறிகளாகத் திரையில் தெரியும்; அது தாழ்ந்தால் சபை நீக்கம், அதாவது திருச்சபையிலிருந்து விலக்கப்படுவது. பரிசு கொடுத்து உயர்த்திக்கொண்டே இருப்போம். உண்மையில் சபை நீக்கத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? 1076இல் போப் ஏழாம் கிரகரி ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றியை நீக்கியபோது, அரசனுக்குக் கீழிருந்தவர்களை அவர்கள் செய்த சத்தியத்திலிருந்தும் விடுவித்தார். கட்டுப்பட்டிருந்த பிரபுக்கள் நழுவத் தொடங்கியதால்தான், 1077 ஜனவரியில் கனோசாக் கோட்டை வாசலில் ஹென்றி மூன்று நாள் மன்னிப்புக்காகக் காத்து நின்றான். த்ரீ கிங்டம்ஸில் ஒவ்வொரு தளபதிக்கும் மனநிறைவு என்ற கணக்கு ஏற்கெனவே உண்டு; அது குறைந்தால் அவர் விலகிப் போவார். அதைக் கணினி அரசுகளும் ஆடுகின்றன. எனவே புதிய விளையாட்டில் போப்பின் கை நம் பணப்பையையோ கொடியையோ தொடாமல், நம் பிரபுக்களின் விசுவாசத்தைத் தொடும் என்று எதிர்பார்க்கிறேன்.

அரசுகளுக்கு இடையேயான பேச்சுவார்த்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. த்ரீ கிங்டம்ஸில் எதிரி ஏன் மறுக்கிறான், இன்னும் எவ்வளவு கொடுத்தால் ஒப்புவான் என்று எண்ணிலேயே தெரியும். அதைக் கைவிட்டுப் பின்னால் போக யாருக்கும் காரணம் இல்லை. படை திரட்டலில், த்ரோன்ஸ் ஆஃப் பிரிட்டானியா புதிய வீரர்களைக் கால்வாசி எண்ணிக்கையில் திரட்டி மெல்ல நிரப்பியது. பிரபுக்கள் ஆண்டுக்கு 40 நாள் மட்டும் படைச்சேவை தரும் இடைக்கால வழக்கத்துக்கு அந்த முறையிலிருந்து நேரடியாக ஒரு பாதை போகிறது. சிறிய விளையாட்டில் சோதித்ததைப் பெரியதில் வளர்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம் என்பதால் இந்த வரிக்கு நல்ல மதிப்பெண் தருவேன்.

சோழர்களைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தை நெகிழ்ந்து படித்தேன். 1080இல் தஞ்சைப் பெருங்கோயில் எழுந்து 70 ஆண்டுகள் ஆகிவிட்டன. முதலாம் குலோத்துங்கன் அரியணையில் இருக்கிறான். அதாவது மெடீவல் 2 தொடங்கும் ஆண்டில் நம் கரையில் ஒரு கடல் வல்லரசு உயிரோடு இருக்கிறது. மற்ற விளையாட்டுகள் அவர்களை அழைத்தும் விட்டன. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 2022இல் வெளியிட்ட இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் தனித் தரப்பாக வந்தார்கள், ராஜேந்திரனுக்கென ஒரு போர்த்தொடரும் வந்தது. 2025இல் வெளியான ‘சிவிலைசேஷன் 7’இல் சோழர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டிலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தனிக்களம் அமையும். டோட்டல் வாரில் வரைபடம் ஒன்றே ஒன்று. அதில் இடைவெளி விட முடியாது. சோழர் வேண்டுமென்றால் சிந்து முதல் குமரி வரை நடுவில் இருக்கும் அத்தனை அரசுகளும், அவர்களின் படைகளும், அவர்களுக்காக முடிவெடுக்கும் விதிகளும் வேண்டும். மெடீவல் 2இன் வரைபடம் இந்தியாவைத் தொடவில்லை. மேலும் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் ராஜேந்திரன் ஏவிய படையெடுப்பு முழுக்கக் கடல் வழியே நடந்தது. கடலை ஒழுங்காக ஆடத் தெரியாத கணினியிடம் சோழ நாட்டைக் கொடுத்தால் அது கரையிலேயே நின்றுவிடும். அப்படி ஒரு சோழனை நான் பார்க்க விரும்பவில்லை. முதல் வெளியீட்டில் வாய்ப்பு மிகக் குறைவு. கடல் அமைப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தபின், பிற்கால விரிவாக்கத்துக்கான நம்பிக்கையை வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்ட புதிய கணினியை இப்போது வாங்காதீர்கள். முன்தயாரிப்பில் இருக்கும் ஒன்றுக்கு, அதுவும் புதிய இன்ஜினில் ஓடப்போகும் ஒன்றுக்கு, எந்த கிராபிக்ஸ் கார்டு போதும் என்று இன்று யார் சொன்னாலும் அது வெறும் பேச்சு. குறைந்தபட்சத் தேவைப் பட்டியல் அதிகாரபூர்வமாக வரும்வரை பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். விளையாட்டு வெளிவரும் முன்பே பணம் கட்டும் ப்ரீ-ஆர்டரிலும் அதே நிதானம் வேண்டும். ரோம் 2 வெளியான 2013 செப்டம்பரில் எதிரியின் சுற்று முடிய நாங்கள் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் காத்திருந்தோம். சரியாவதற்குத் திருத்தம் மேல் திருத்தமாக ஓர் ஆண்டு ஆயிற்று. 2023இல் வெளியான ஃபேரோவின் விலையைச் சில மாதங்களிலேயே நிறுவனம் குறைத்து, முன்பு வாங்கியவர்களுக்கு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பியும் தந்தது. வெளியான பின் இரண்டு வாரம் பொறுத்தால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

அதுவரை கையில் இருக்கும் கணினியில் செய்ய ஒரு வேலை தருகிறேன். அட்டிலாவுக்கு ரசிகர்கள் செய்திருக்கும் ‘மெடீவல் கிங்டம்ஸ் 1212’ என்ற மோடை, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் தொகுப்பைப் போட்டு, ஒரு கோட்டைக்குள் காப்பவராக உட்காருங்கள். நீங்கள் எதுவும் செய்யாமல், எதிரியை மட்டும் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் வந்தான், எங்கே தயங்கினான், எந்த வாசலில் கூட்டம் தேங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெடீவல் 2இன் மூன்று மதில் கோட்டையிலும் அதையே செய்யுங்கள். இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்தபின் உங்கள் 63 வரிகளையும் மறுபடி படித்து, ஒவ்வொன்றின் எதிரேயும் கணினி இதை எப்படி ஆடும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வராத வரிகளை அடித்துவிட வேண்டாம். பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த வட்டங்களைச் சுற்றித்தான் வாரக்கணக்கில் பேசுவோம்.

64ஆவது வரியாக ஸ்டர்லிங் ஒப்பந்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் 200 பேர், எட்டு மாதத் தானியம், மீட்புப்படை பத்து நாள் நடைத் தொலைவில். அந்த நிலையில் உள்ளே இருக்கும் கணினி எந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், தானியம் மூன்று மாதமாகக் குறைந்தால் அதன் பதில் எப்படி மாற வேண்டும் என்பதற்கு உங்கள் விதியை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்